உலகக் கோப்பைக் கால்பந்து: 90+11-க்குத் தமிழில் என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம்.

உலகக் கோப்பைச் செய்திகளுக்கான சொற்பட்டியலில் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்டாப்பேஜ் டைம், இஞ்சுரி டைம், ஆடட் டைம், எக்ஸ்ட்ரா டைம் நான்குக்குமே நம் நாளிதழ்களில் பெரும்பாலும் ‘கூடுதல் நேரம்’தான். முதல் மூன்றும் ஒரே பொருள்: ஆட்டத்தில் வீணான நேரத்துக்காக ஒவ்வொரு பாதியின் முடிவிலும் சேர்ப்பது. நான்காவது முற்றிலும் வேறு: வெற்றி தோல்வி தெரிந்தாக வேண்டிய ஆட்டம் சமனில் நின்றால் ஆடும் 30 நிமிடம். 2022 காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக நெதர்லாந்தின் வெக்ஹோர்ஸ்ட் 90+11-இல், அதாவது 90 நிமிடத்துக்குப் பின் சேர்த்த நேரத்தின் 11-ஆவது நிமிடத்தில், கோல் போட்டார். ‘கூடுதல் நேரத்தில் சமன் செய்தார்; ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது’ என்று எழுதினால் படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

முதல் மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல், நான்காவதற்கு ஒரு சொல் வேண்டும். நிறுத்த நேரம், இறுதி நேரம் என்ற இரண்டும் முதல் வகைக்கு வந்திருக்கின்றன. எக்ஸ்ட்ரா டைமுக்கு ‘நீட்டிப்பு நேரம்’.

— செ.

* * *

செ. ஐயா,

சொல்லைத் தேடுமுன் அந்த நேரம் எப்படிக் கணக்காகிறது என்று பார்த்துவிடுவோம். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும்.

ஆட்ட விதிகளில் 7-ஆவது விதி ஆட்ட நேரம் பற்றியது. கால்பந்தில் கடிகாரம் நிற்பதே இல்லை. கூடைப்பந்தில் விசில் அடித்ததும் கடிகாரத்தை நிறுத்துவார்கள். இங்கே அது 45 வரை ஓடிக்கொண்டேயிருக்கும், வீணான நேரத்தை நடுவர் தனியாகக் கணக்கு வைத்துக்கொள்வார். எவையெல்லாம் அந்தக் கணக்கில் வரும்? ஆட்டக்காரரை மாற்றுவது, காயம்பட்டவரைப் பார்ப்பது அல்லது வெளியே கொண்டுபோவது, வேண்டுமென்றே நேரத்தைக் கடத்துவது, மஞ்சள், சிவப்பு அட்டை காட்டுவது, தண்ணீர் குடிக்க விடும் இடைவேளை (1 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது), வெயில் தணிப்பு இடைவேளை (90 நொடியிலிருந்து 3 நிமிடம் வரை), காணொளி நடுவரின் (VAR) சரிபார்ப்பு, கோல் கொண்டாட்டம். பந்து கோட்டுக்கு வெளியே போய் த்ரோ எறிவது, கோல் கிக் எடுப்பது போன்ற வழக்கமான தாமதங்கள் கணக்கில் சேராது. ஆகவே ‘நிறுத்த நேரம்’ இரண்டு வகையில் தப்பு: கடிகாரம் நிற்பதும் இல்லை, ஆட்டம் நின்ற நேரம் முழுவதும் திருப்பிக் கிடைப்பதும் இல்லை.

‘இறுதி நேரம்’ அதைவிட மோசம். முதல் பாதிக்கும் இது உண்டே! 2022-இல் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தைப் பாருங்கள். ஈரான் கோல்கீப்பர் பெய்ரான்வந்த் தன் அணிக்காரருடனேயே மோதி அடிபட்டதில் முதல் பாதிக்கே 14 நிமிடம் சேர்த்தார்கள். ஸ்டெர்லிங்கின் கோல் 45+1. அதை ‘இறுதி நேர கோல்’ என்றால் ஆட்டமே முடிந்துபோன மாதிரி ஆகும்.

நீட்டிப்பு என்ற சொல்லை எக்ஸ்ட்ரா டைமுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது வேறிடத்தில் தேவைப்படும். ஒரு பாதி முடியும் தறுவாயில் பெனால்டி கிடைத்தால், சேர்த்த நேரமும் தீர்ந்துபோயிருந்தாலும், அந்த உதை முடியும் வரை பாதி நீட்டிக்கப்படும். விதியிலேயே உள்ளது. நீட்டிப்பு என்ற பெயருக்கு உண்மையான சொந்தக்காரர் அதுதான்.

எக்ஸ்ட்ரா டைம் இவற்றோடு சேராத தனிக் கட்டம். இரண்டு சம பாதிகள், ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு மிகாமல். தொடங்குமுன் மறுபடி நாணயம் சுண்டுவார்கள், நடுவில் பக்கம் மாறுவார்கள். போட்டியின் விதி அனுமதித்தால் கூடுதலாக ஒரு மாற்று ஆட்டக்காரரையும் இறக்கலாம். 2018 உலகக் கோப்பையில் இது வந்தது. ஸ்பெயினுக்கு எதிராக ரஷ்யாவின் எரோகின், அப்போது வழக்கமாக இருந்த மூன்று மாற்றையும் தாண்டி, நான்காவது மாற்றாக இறங்கினார். ‘கூடுதல் நேரத்தில் மாற்று ஆட்டக்காரர் வந்தார்’ என்று 90+3-இல் வந்தவரைப் பற்றி எழுதினால், விவரம் தெரிந்த வாசகர் அந்தக் கூடுதல் மாற்றைத்தான் நினைப்பார். குழப்பத்தால் தகவலே தப்பாகிப்போகும் இடம் இது.

— மு.

* * *

வணக்கம்.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் இந்தக் குழப்பம் பெரிதாக இல்லை. இஞ்சுரி டைமுக்கு ‘உபாதையீடு நேரம்’, எக்ஸ்ட்ரா டைமுக்கு ‘மேலதிக நேரம்’. இரண்டும் வேறு வேறு சொல் என்பதால் ஒரே வசனத்தில் இரண்டும் வந்தாலும் முட்டாது. உள்ளதை விட்டுப்போட்டுப் புதிதாக ஏன் உருவாக்க வேண்டும்?

— யோ.

* * *

> உள்ளதை விட்டுப்போட்டுப் புதிதாக ஏன்

யோ. அவர்களே, ‘மேலதிக நேரம்’ பற்றி மறுப்பே இல்லை. ‘உபாதையீடு’ பாதி சரி. உபாதைக்கு ஈடு என்பது அழகான ஆக்கம். ஆனால் மேலே சொன்ன காரணங்களில் காயம் ஒன்றே ஒன்றுதான். இப்போதெல்லாம் காணொளிச் சரிபார்ப்பும் ஆட்டக்காரர் மாற்றமும் கொண்டாட்டமும் அதற்குச் சமமாக நேரத்தைத் தின்கின்றன. 5 பேரை மாற்றலாம் என்று ஆனபின் (ஆட்டத்துக்கு நடுவே மூன்று தடவையில், இடைவேளை தனி) சொல்லவே வேண்டாம். ஆங்கிலத்திலும் இதே காரணத்தால்தான் இஞ்சுரி டைம் பேச்சு வழக்காக ஒதுங்கிப்போனது.

உபாதையைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ‘ஈடு’. நமக்கு வேண்டியதும் அதுதான்: பறிபோன நேரத்துக்கு ஈடாகத் தரும் நேரம். ஈட்டு நேரம். வீடு வீட்டு என்றாவது போல ஈடு ஈட்டு. இழப்பீட்டுத் தொகையில் ஏற்கெனவே பழகிய வடிவம்.

— மு.

* * *

மு. அண்ணா, ஈட்டு நேரம் என்றதும் எனக்கு ஈட்டிய விடுப்புதான் ஞாபகம் வருகிறது. சம்பாதித்த நேரம் என்று படித்துவிட மாட்டார்களா? பக்கத்திலேயே ஈட்டி எறிதல் செய்தி வேறு இருக்கும். அரசு அலுவலகங்களில் ‘ஈடுசெய் விடுப்பு’ என்ற சொல் ஓடுகிறது. அதே வழியில் ‘ஈடுசெய் நேரம்’ என்று வைத்தால் பொருள் பளிச்சென்று தெரியும். ‘ஈடுநேரம்’ என்று சேர்த்தும் எழுதலாம்.

— தா.

* * *

தா., ‘ஈடுசெய் நேரம்’ பொருளில் குறையில்லாத சொல். வினைத்தொகையாகவும் சரியாக நிற்கிறது. என் தயக்கம் வேற்றுமை ஏறும்போதும் அடைகள் சேரும்போதும் வருகிற நீளத்தில். ‘கூடுதல் நேர முதல் பாதியின் ஈடுசெய் நேரத்தில்’ என்பதை ஒரு பத்திக்குள் அடக்கிப் பாருங்கள். ‘ஈடுநேரம்’ சந்தியில் இடறுகிறது; நாடுமக்கள் என்று யாரும் எழுதுவதில்லை. ஈட்டி பற்றிய அச்சம் பெரிதில்லை: ‘ஈட்டு நேரத்தில் கோல்’ என்ற தலைப்பை ஈட்டி எறிதலாக எவரும் படிக்கப்போவதில்லை.

வாக்கியத்தில் வைத்துச் சோதித்துவிடுவோம்.

‘வெக்ஹோர்ஸ்ட் ஈட்டு நேரத்தின் 11-ஆவது நிமிடத்தில் சமன் செய்ய, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது.’ தெளிவாக இருக்கிறது. அந்த ஆட்டத்தில் பலகையில் காட்டியது 10 நிமிடம். ‘நேரம் முடிந்த பிறகு கோலா’ என்று அப்போது பலர் குதித்தார்கள். நான்காம் நடுவர் தூக்கிக் காட்டுவது குறைந்தபட்ச அளவு மட்டுமே. அதற்குள் மறுபடி நேரம் வீணானால் நடுவர் கூட்டலாம், குறைக்கத்தான் முடியாது. ஆகவே ‘10 நிமிடம் ஈட்டு நேரம் தந்தார்’ என்று எழுதாமல் ‘குறைந்தது 10 நிமிடம்’ என்று எழுதப் பழக வேண்டும். முதல் பாதியில் நடுவர் கணக்கைத் தவறவிட்டால் இரண்டாம் பாதியின் நீளத்தை மாற்றி அதைச் சரிக்கட்டவும் விதி இடம் தரவில்லை. ஈடு அந்தந்தப் பாதிக்குள்ளேயே.

கடினமான சோதனை 2004 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. அப்போது ‘வெள்ளி கோல்’ விதி இருந்தது: கூடுதல் நேர முதல் பாதி முடியும்போது முன்னிலையில் இருக்கும் அணி அத்தோடு வென்றுவிடும். செக் குடியரசுக்கு எதிராக கிரீஸின் டெல்லாஸ் 105+1-இல் தலையால் முட்டிப் போட்டார்; ஆட்டம் முடிந்தது. ‘கூடுதல் நேர முதல் பாதியின் ஈட்டு நேரத்தில் டெல்லாஸ் போட்ட வெள்ளி கோல்’ என்றால் நான்கு தகவலும் தனித்தனியாக நிற்கின்றன. பழைய வழக்கில் இது ‘கூடுதல் நேரத்தின் கூடுதல் நேரத்தில்’ என்று ஆகியிருக்கும். 2022 இறுதியாட்டத்தில் பிரான்சின் கோலோ முவானியின் உதையை அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் காலால் தடுத்ததும் இப்படிப்பட்ட நேரத்தில்தான், 120+3.

— மு.

* * *

‘ஈட்டு நேரம்’ எனக்கு ஓகே. ‘மேலதிக நேரம்’, ‘கூடுதல் நேரம்’ இரண்டில் எது?

— யோ.

* * *

எது வேண்டுமானாலும், அந்த 30 நிமிடத்துக்கு மட்டும் என்றால். இலங்கை வாசகருக்கு மேலதிக நேரம், தமிழ்நாட்டு வாசகருக்கு கூடுதல் நேரம் என்று விட்டுவிடலாம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கூடுதல் நேரத்திலும் சமன் என்றால் இரு அணியும் மாறி மாறிப் பெனால்டி உதைத்து முடிவு காணும் பெனால்டி ஷூட் அவுட்டைத் தமிழாக்கும் வேலையை இப்போது தொடவேண்டாம் என்பது என் கருத்து. ‘சமன்நீக்கி மோதல்’ பார்த்தேன். மோதல் என்றால் கைகலப்பு போல இருக்கிறது. பெயரைவிடக் கோலெண்ணிக்கையை எழுதும் முறைதான் அவசரம். ஷூட் அவுட் கோல்கள் ஆட்டத்தின் கணக்கில் சேராது. ஆட்டம் பதிவேட்டில் சமன்தான். 2022 இறுதியாட்டம் 3-3, பெனால்டியில் 4-2. அதை 7-5 என்று கூட்டி எழுதுகிற கொடுமையும் நடக்கிறது. அந்த உலகக் கோப்பையில் பிரான்சின் எம்பாப்பே போட்ட 8 கோலில் கூடுதல் நேரத்தில் 118-ஆவது நிமிடத்தில் போட்ட பெனால்டி உண்டு, பிறகு ஷூட் அவுட்டில் போட்டது கிடையாது.

— மு.

* * *

அப்படியே பதிகிறேன். பட்டியலை அட்டவணையாகத் தருவதால் ஒரு கேள்வி: 90+11 என்பதை ஒரே கட்டத்தில் 101 என்று போட்டால் வரிசைப்படுத்த வசதியாக இருக்கும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

— செ.

* * *

கூடாது ஐயா. 101-ஆவது நிமிடம் என்பது கூடுதல் நேர முதல் பாதியில் வரும் நிமிடம். வெக்ஹோர்ஸ்டின் கோல் அங்கே போய் உட்கார்ந்துவிடும். ஸ்டெர்லிங்கின் 45+1-ஐ 46 ஆக்கினால் அது இடைவேளைக்குப் பிறகு விழுந்த கோலாகிவிடும். ‘45+1’ என்று எழுத்தாகவே வைத்தாலும் சரிப்படாது. வரிசைப்படுத்தும்போது 105+1 முன்னே போய் 45+1 பின்னே வரும், ஏனென்றால் எழுத்து வரிசையில் 1-க்குப் பிறகுதான் 4.

இரண்டு பத்தி வையுங்கள். முதலாவது ‘நிமிடம்’: 45, 90, 105, 120 உட்பட. இரண்டாவது ‘ஈடு’: இல்லையென்றால் 0. முதலில் நிமிடத்தையும் அதற்குள் ஈட்டையும் கொண்டு வரிசைப்படுத்தினால் 45+14 கூட 46-க்கு முன்னால் ஒழுங்காக வந்து நிற்கும். அச்சில் வரும்போது இரண்டையும் கூட்டல் குறியால் சேர்த்துக்கொள்ளலாம்.

— மு.