பாங்காக் கடலுணவகம்: இறால் ஒவ்வாமை உள்ள அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி

வணக்கம். அடுத்த மாதம் பெற்றோருடன் நான்கு நாள் பாங்காக் செல்கிறேன். அப்பாவுக்கு நண்டு என்றால் உயிர். 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சொம்பூன் கடலுணவகத்தின் 'பூ பட் பொங் கரி'யைப் பற்றிக் கேள்விப்பட்ட நாள்முதல், ஓர் இரவாவது அங்கே சாப்பிட்டே ஆக வேண்டும் என்கிறார். என் கவலையெல்லாம் அம்மாவைப் பற்றியது. இறால் பட்டாலே அவருக்கு உதடு வீங்கி மூச்சு முட்டும். ஒருமுறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. மீன் ஒத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் அவரும் எங்களோடு நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? எடைக்கு ஏற்ப விலை என்கிறார்களே, அதில் கவனிக்க வேண்டியது என்ன?

பதில் 1

முதலில் அப்பாவின் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்து மொழியில் 'பூ' என்றால் நண்டு, 'பொங் கரி' என்றால் கறிப்பொடி. அந்தக் 'கரி' நம்முடைய கறியேதான், கடல் கடந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. நண்டைக் கறிப்பொடி, முட்டை, பால், சீனச் செலரித் தண்டு ஆகியவற்றோடு வாணலியில் புரட்டி, முட்டை இளகலாகத் திரண்டிருக்கும்போதே இறக்குவார்கள். காரம் குறைவு; வெறும் சோற்றில் பிசைந்து சாப்பிட அவ்வளவு பொருத்தம். ஓட்டை உடைக்கச் சிரமமாக இருந்தால் சதையை மட்டும் எடுத்துச் சமைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள்.

ஆனால் அம்மா அதைத் தொடவே கூடாது. இறால் ஒவ்வாதவர்களில் பலருக்கு நண்டும் ஒவ்வாது என்பது ஒரு காரணம். அந்தக் குழம்பில் சேரும் 'நாம் ப்ரிக் பாவ்' என்ற வறுத்த மிளகாய் விழுதில் பெரும்பாலும் உலர்ந்த இறால் அரைத்துச் சேர்க்கப்பட்டிருக்கும் என்பது இன்னொன்று. கண்ணுக்குத் தெரியும் இறாலை ஒதுக்கிவிடலாம். அந்நாட்டுச் சமையலில் ஆபத்து இருப்பது இப்படி அரைபட்டுக் கரைந்துபோன இறாலில்தான். பப்பாளிக்காய்ச் சாலட்டில் உலர் இறால் உண்டு. பல துவையல்களில் 'கபி' என்னும் இறால் விழுது உண்டு. பொரித்த மீன்கூட வேண்டாம், அதே எண்ணெயில் இறாலும் பொரிந்திருக்கும்.

அவருக்கு ஏற்றது எலுமிச்சைச் சாற்றில் ஆவியில் வேகவைத்த மீன், 'ப்லா கபொங் நுங் மனாவ்'. நம் கொடுவா மீன்தான் அது. பூண்டும் பச்சை மிளகாயும் நசுக்கிப்போட்டு முழு மீனாகக் கொண்டுவருவார்கள். அதற்கும் என்ன சாறு ஊற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'பே குங்' என்றால் இறால் ஒவ்வாமை. ஆனால் உங்கள் உச்சரிப்பை நம்பாமல், இறால், நண்டு, உலர் இறால், இறால் விழுது எதுவுமே கூடாது என்று விடுதி வரவேற்பாளரிடம் அவர்கள் மொழியில் எழுதி வாங்கிச் சமையலறைக்கே கொடுத்தனுப்புங்கள்.

பதில் 2

விலையைப் பற்றி நான் சொல்கிறேன். நண்டு, பெரிய இறால், மீன் ஆகியவற்றுக்கு விலைப்பட்டியலில் எழுதியிருப்பது ஒரு கிலோவுக்கா, 100 கிராமுக்கா என்று பாருங்கள். 100 கிராமை அங்கே 'கீத்' என்பார்கள். எடை போட்டு, மொத்தம் எத்தனை பாட் ஆகும் என்று சொன்ன பிறகே சமைக்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் சேவைக் கட்டணம் 10 சதவீதமும் அதற்கு மேல் வரி 7 சதவீதமும் சேரும். 1,000 பாட்டுக்குச் சாப்பிட்டால் 1,177 பாட் கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. நாங்கள் சென்றபோது துக்துக் ஓட்டுநர், நாங்கள் சொன்ன கடை மூடியிருக்கிறது என்று சொல்லி வேறோர் இடத்தில் இறக்கிவிட்டார். அங்கே கொடுத்த தொகையை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. முகவரியைக் கைப்பேசி வரைபடத்தில் வைத்துக்கொண்டு நீங்களே போய்ச் சேருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மிளகாய் விழுதில் இறால் இருக்கும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு வாய் ருசி பார்க்கட்டும் என்று அம்மாவுக்குக் கொடுத்திருப்பேன். பாங்காக்கின் சீனர் பகுதியான யாவ்ராட்டின் தெருக் கடைகளுக்கும் போகலாம் என்று நினைத்தோம். அது சரிப்படுமா?

பதில் 1

சாப்பிட வேண்டாம் என்பேன். ஒரே வாணலி, ஒரே கரண்டி, அடுத்தடுத்து வேலை. சொன்னாலும் அவர்களால் பிரித்துச் சமைக்க முடியாது. இறால் வேகும் ஆவியே சிலருக்கு மூச்சுத் திணறலைத் தூண்டும் என்பதால் அடுப்புகளுக்கு அருகில் நிற்பதையும் தவிருங்கள். உணவகத்திலும் அடுப்புக்குத் தள்ளி உள்ளே மேசை கேளுங்கள். மருத்துவர் அவசர ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் அது விடுதி அறையில் இருக்கக் கூடாது, அம்மாவின் கைப்பையில் இருக்க வேண்டும்.