கொழும்பு 50 ஆல் அவுட்: பழி டாஸுக்கா, மட்டைக்கா?

செந்தூல்_சீமர்:
2023 செப்டம்பர் 17, கொழும்பு பிரேமதாசா அரங்கு, ஆசியக் கோப்பை இறுதி. இலங்கை 15.2 ஓவரில் 50. இந்தியா 6.1 ஓவரில் விக்கெட் இழக்காமல் 51. இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து 129 பந்துதான். இன்னமும் நம் மலேசிய மாமாக் சாப்பாட்டுக் கடையில் இந்தப் பேச்சு வந்தால் "இலங்கைக் கேப்டன் ஷானகா டாஸ் ஜெயிச்சு பேட்டிங் எடுத்ததுதான் தப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

அதற்கு ஐந்து நாள் முன்பு, செப்டம்பர் 12, அதே திடலில் இந்தியா 213க்கு ஆல் அவுட். பத்து விக்கெட்டும் சுழலுக்கு: வெல்லாலகே 5/40 (40 ரன்னுக்கு 5 விக்கெட்), அசலங்கா 4/18, மிச்சம் ஒன்று தீக்ஷணா. பின்னால் ஆடிய இலங்கையும் 172தான். நேரம் போகப் போக அங்கே அடிக்கச் சிரமம் என்பது கண் முன்னால் நடந்தது. அதைப் பார்த்த எந்தக் கேப்டனும் முதலில் பேட்டிங்தான் எடுப்பார். டாஸ் முடிவு சரி. அடித்த அடிதான் தப்பு.

கிள்ளான்_ஓப்பனர்:
அண்ணே, டாஸ் முடிவு சரிதான். ஆனால் டாஸ் போட்ட பிறகு மழை வந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஆட்டம் 40 நிமிடம் தாமதம். பிட்ச்சை மூடி வைத்தால் கீழே இருக்கும் சூடும் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் மேற்பரப்பு வேர்த்துவிடும். மூடியை எடுத்ததும் முதல் அரை மணி நேரம் பந்து பட்ட இடத்தில் கடிக்கும். ஷானகா தேர்ந்தெடுத்த பிட்ச் ஒன்று, முதலில் ஆட வந்த பெரேரா போய் நின்ற பிட்ச் வேறொன்று. மட்டையாளரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமே இல்லை.

பூச்சோங்_அம்பயர்:
இரண்டு பேரும் இரண்டு விஷயத்தைக் கலக்கிறீர்கள். மூடி, ஈரம், வேர்ப்பு இதெல்லாம் சீமுக்கு, அதாவது தரையில் பட்ட பிறகு பந்து திரும்புவதற்கு. அன்று பெரிய சேதம் செய்தது ஸ்விங், காற்றிலேயே வளைவது. அதற்குப் பந்தின் தையல் நிமிர்ந்து, கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் முதல் ஸ்லிப்பைப் பார்த்தபடி இருக்க வேண்டும், மணிக்கட்டு பந்துக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். இந்திய வேகப்பந்து வீச்சாளர் சிராஜின் வழக்கமான ஆயுதம் வாபுள் சீம். தையலை ஆடவிட்டு, தரையில் பட்டதும் உள்ளேயோ வெளியேயோ போகவிடுவது. அன்று அவுட்ஸ்விங்கும், அதாவது வெளியே வளைவதும், கைகூடியது. வலது கை மட்டையாளருக்கு "எது உள்ளே, எது வெளியே" என்ற கணக்கே குழம்பிவிட்டது.

ஈரக் காற்றுதான் ஸ்விங்குக்குக் காரணம் என்று சொல்பவர்கள் கோலாலம்பூரை யோசித்துப் பார்க்கட்டும். இங்கே வருடம் முழுக்கப் புழுக்கம். அதனால் எல்லா ஆட்டத்திலும் பந்து வளைகிறதா? தையல் கோணல்மாணலாகப் போனால் எந்த வானிலையிலும் வளையாது.

கிள்ளான்_ஓப்பனர்:
அப்படியானால் இன்னும் என் பக்கம்தான் வலு. சிராஜ் 7 ஓவர், 21 ரன், 6 விக்கெட். இவ்வளவு நன்றாகப் போட்டால் ஆடுபவர் என்ன செய்வார்? 2020 அடிலெய்டு டெஸ்டில் இந்தியா 36க்குப் போனபோது "நல்ல பந்து, மட்டை விளிம்பு, கேட்ச்" என்றுதானே எல்லாரும் ஒப்புக்கொண்டோம். இலங்கைக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

செந்தூல்_சீமர்:
பந்து பந்தாகப் பார்த்துவிடலாம் தம்பி. நான்காவது ஓவர். முதல் பந்து, நிசங்கா: ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்தைத் தரையோடு அழுத்தாமல் ஓட்டினார், பாயிண்டில் ஜடேஜா பாய்ந்து பிடித்தார். விட்டிருக்கலாம். மூன்றாவது பந்து, சமரவிக்ரமா: உள்ளே வந்தது, எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலில் வாங்கி அவுட்). அது நல்ல பந்து, பேச்சே இல்லை. நான்காவது, அசலங்கா: அப்போதுதான் களத்துக்கு வந்தவர், முதல் பந்தையே கவரில் இஷான் கிஷன் கைக்கு அடித்தார். ஐந்தாவது, தனஞ்சயா: மிட் ஆன் பக்கம் தட்டினார், அங்கே ஆளில்லை, சிராஜே எல்லைக்கோடு வரை துரத்தி ஓடினார், நான்கு ரன். அதாவது ஆட்கள் மட்டைக்குப் பின்னால் குவிந்திருந்தார்கள், நேராகத் தட்டினால் ரன் இருந்தது. ஆறாவது பந்தில் அதே தனஞ்சயா வெளியே போனதைக் கையை நீட்டித் தள்ளி கீப்பர் ராகுலிடம் கேட்ச்.

நான்கில் மூன்று, மட்டையைத் தேடிப் போய்க் கொடுத்த விக்கெட். முன்பே போன பெரேராவையும் சேர்த்து ஸ்கோர் 12/5 (12 ரன், 5 விக்கெட்). அடுத்து ஷானகா போல்ட், 12/6. அந்தப் பந்து ஆஃப் ஸ்டம்பைத் தாக்கியது, அதையும் நல்ல பந்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவை?

கிள்ளான்_ஓப்பனர்:
டிவியில் பின்னால் இருந்து பார்த்தால் "விட்டிருக்கலாம்" என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் வளையும் பந்தை விடுவதுதான் ஆபத்து. உள்ளே வந்தால் போல்ட். அதற்கு முன்தானே சமரவிக்ரமா காலில் வாங்கினார்? ஒரு பந்து உள்ளே வந்தபிறகு அடுத்து வருபவன் எல்லாவற்றையும் ஆடத்தான் பார்ப்பான். பந்துவீச்சாளர் விரித்த வலை அதுதான்.

பிறை_ஸ்கோரர்:
பினாங்குப் பக்கத்திலிருந்து ஒரு திருத்தம். இந்த ஆட்டத்தை வைத்து நெட் ரன் ரேட் (ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து கொடுத்த ரன்னைக் கழித்த கணக்கு) போட்டுப் பலர் தப்பாகப் பகிர்கிறார்கள். இறுதியாட்டத்தில் அதற்கு வேலையில்லை, ஆனால் முறை தெரிந்திருக்க வேண்டும். ஆல் அவுட் ஆன அணிக்கு முழு 50 ஓவர் கணக்கு, 15.2 அல்ல. 6.1 ஓவர் என்றால் ஆறும் ஆறில் ஒரு பங்கும், அதாவது 6.167. ஆக 51ஐ 6.167ஆல் வகுத்தால் 8.27. இலங்கை 50ஐ 50ஆல் வகுத்தால் 1.00. வித்தியாசம் 7.27. 15.2ஐப் போட்டவர்களுக்கு 5 சொச்சம்தான் வரும். லீக் சுற்றில் இந்தத் தப்பு ஓர் அணியையே வெளியேற்றிவிடும்.

செந்தூல்_சீமர்:
டாஸ், மழை என்று சொல்பவர்களுக்கு என் கேள்வி. அதே 2023இல் இலங்கை இந்தியாவிடம் மூன்று முறை இப்படி நொறுங்கியது. ஜனவரி 15, திருவனந்தபுரம்: 391 துரத்தி 22 ஓவரில் 73. செப்டம்பரில் இந்த 50. நவம்பர் 2, மும்பை வான்கடே, உலகக் கோப்பை: 358 துரத்தி 19.4 ஓவரில் 55. முதல் ஆட்டத்தில் டாஸ் இந்தியாவுக்கு. இரண்டாவதில் இலங்கை ஜெயித்து பேட்டிங். மூன்றாவதில் இலங்கை ஜெயித்து பௌலிங். மூன்று ஊர், மூன்று டாஸ் நிலை, முடிவு ஒன்றேதான். பொதுவாக இருந்தது புதுப் பந்தும் அதை ஆடிய விதமும்.

கிள்ளான்_ஓப்பனர்:
பொதுவாக இன்னொன்றும் இருந்தது. இரண்டு ஆட்டத்தில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டாவதாக ஆடினார்கள். வான்கடேயில் அந்த உலகக் கோப்பை முழுக்க இரவில் புதுப் பந்து படுத்தியது, இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவிடம் அங்கேதான் 170க்குச் சுருண்டது. கொழும்பில் மழைக்குப் பிறகு. மூன்று முறையும் பந்து அதிகம் பேசும் நேரம் இலங்கையின் தலையில்தான் விழுந்தது. எதிரணியும் சாதாரணமில்லை, மும்பையில் இந்தியாவின் ஷமி 5 ஓவரில் 5/18.

இந்தியாவே 2000இல் ஷார்ஜாவில் இலங்கையிடம் 54க்குப் போயிருக்கிறது. அதற்காக அந்த அணிக்கு மட்டை பிடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லையே.

பூச்சோங்_அம்பயர்:
ஓப்பனர் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு கணக்கை மறந்துவிட்டார். அப்போதைய விதிப்படி ஒருநாள் ஆட்டத்தில் இரண்டு முனைக்கும் தனித்தனிப் புதுப் பந்து. இலங்கை 12/6 ஆனபோது ஆறாவது ஓவர்கூட முடியவில்லை. அதாவது சிராஜ் கையில் இருந்த பந்து மூன்று ஓவர்கூடப் பழகாதது. ஒருநாள் ஆட்டத்தின் வெள்ளை கூக்கபுரா பந்து அதிக நேரம் வளையாது, தாங்கினால் அடங்கும். அந்தப் பத்து ஓவரைக் கடப்பதுதான் அன்றைய ஒரே வேலை. 10 ஓவரில் 25/1 இருந்தால்கூட அந்தத் திடலில் 200 போதும், பிறகு சுழல் பார்த்துக்கொள்ளும்.

எப்படிக் கடப்பது என்றும் சொல்லிவிடுகிறேன், நம் லீக் பிள்ளைகளுக்கும் பயன்படும், மதிய மழைக்குப் பிறகு ஆடுவது இங்கே வாடிக்கைதானே. கார்டை, அதாவது நிற்கும் இடத்தை, நடு ஸ்டம்பிலிருந்து ஆஃப் ஸ்டம்புக்கு நகர்த்துங்கள். கண்ணுக்கு வெளியே இருப்பதெல்லாம் ஸ்டம்புக்கு வெளியே என்று அப்போது தெரியும், தைரியமாக விடலாம். கீப்பர் ஸ்டம்பை விட்டுத் தள்ளி நின்றால் கிரீஸ் கோட்டிலிருந்து ஓரடி முன்னே நில்லுங்கள், வளைய இடம் குறையும். பந்தைக் கண்ணுக்குக் கீழே வரவிட்டு ஆடுங்கள், கீழ்க்கைப் பிடி தளர்வாக இருக்கட்டும். அப்போது விளிம்பில் பட்டாலும் ஸ்லிப்புக்கு முன்னாலேயே விழும். கவர் டிரைவை முதல் ஆறு ஓவருக்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

கிள்ளான்_ஓப்பனர்:
ஓரடி முன்னே நின்றால் உள்ளே வரும் பந்துக்கு நேரம் குறையுமே ஐயா? மணிக்கு 135 கி.மீ. வேகத்தில் போடுபவனுக்கு அது சரிப்படுமா?

பூச்சோங்_அம்பயர்:
நேரம் கொஞ்சம் குறையும்தான். ஆனால் எல்பிடபிள்யூ கொடுக்க எங்களுக்கும் கை தயங்கும், ஸ்டம்புக்கு தூரம் கூடிவிட்டதால். ஷார்ட் பந்து (முன்னாலேயே குத்தி உயர எழும்புவது) அதிகம் போடுபவனுக்கு எதிராக மட்டும் வேண்டாம். அன்று சிராஜ் ஷார்ட் போட்டு விக்கெட் எடுக்கவில்லை.

செந்தூல்_சீமர்:
பந்துவீசுபவர்களுக்கும் அதில் பாடம் உண்டு. சிராஜின் ஆறில் மூன்று கேட்ச், ஒரு எல்பிடபிள்யூ, இரண்டு போல்ட். நம் பாயுமாஸ் ஓவல் திடலிலேயே 2023 ஜூலை 26 அன்று மலேசிய வீரர் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிரான டி20யில் 7/8 எடுத்தார், ஏழும் போல்ட், சீனா 23. தரம் வேறு, ஒப்பிடவில்லை. ஆனால் ஸ்டம்பை நோக்கிப் போட்டால் மழையும் டாஸும் தேவைப்படாது.

கிள்ளான்_ஓப்பனர்:
ஸ்டம்பை நோக்கிப் போட்டதை நானும் மறுக்கவில்லை. அதே பந்துவீச்சு, மழையில்லாத மூன்று மணிக்குத் தொடங்கியிருந்தால் இலங்கை 150ஆவது எடுத்திருக்கும் என்பதில் நான் மாறப்போவதில்லை. நிசங்கா, அசலங்கா, தனஞ்சயா மூன்றையும் உங்கள் கணக்கில் விட்டுத்தருகிறேன். சமரவிக்ரமா, ஷானகா இரண்டும் என் கணக்கு.

செந்தூல்_சீமர்:
குசல் மெண்டிஸ்? 17 எடுத்து நின்றவர், பன்னிரண்டாவது ஓவரில் போல்ட். அதற்குள் மூடி எடுத்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?