ஃபோட்டான் கண்டன்சேட்: வாசல் பவர் ஏறிக்கொண்டே போகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

ஃபோட்டான் கண்டன்சேட் என்றால் ஒளித்துகள்கள் பெருங்கூட்டமாக ஒரே தாழ்ந்த ஆற்றல் நிலையில் குவிவது; அது உருவாகத் தேவையான குறைந்தபட்ச பம்ப் பவர்தான் வாசல் பவர். 2010-இல் ஜெர்மனியின் பான் நகரில் செய்துகாட்டிய அதே வகை அமைப்புதான். இரண்டு எதிரொளிக்கும் கண்ணாடிகளுக்கு நடுவே ரோடமின் 6ஜி சாயம், அதைத் தூண்டும் பம்ப் 532 நானோமீட்டர் லேசர். 10 மி.லி. எத்திலீன் கிளைக்காலுக்கு 7.2 மி.கி. சாயம், அதாவது 1.5 மில்லிமோலார்.

கட்-ஆஃப் (கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கக்கூடிய மிக நீண்ட அலைநீளம்) 585 நானோமீட்டரில் நிறமாலைச் சரிவு 300 கெல்வினுக்குக் (அறை வெப்பநிலை) கச்சிதமாகப் பொருந்துகிறது. 600-ஐத் தாண்டினால் சாயம் மறுபடி உறிஞ்சுவதற்குள் ஃபோட்டான் தப்பிவிடுகிறது. சமநிலை குலைந்து உயர் மோடுகளில் (கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி எடுக்கும் உயர் ஆற்றல் அலைவடிவங்களில்) கூட்டம். அது எதிர்பார்த்ததே. சிக்கல் வேறு: 585-லேயே இரண்டு மணி நேரத்தில் வாசல் பவர் ஏறிவிடுகிறது. சாய மூலக்கூறுகள் ஒளிராமல் சிக்கிக்கொள்ளும் ட்ரிப்லெட் நிலையைத் தவிர்க்கப் பம்பை 500 நானோசெகண்டாக நறுக்கியாகிவிட்டது. சந்தேகம் சென்னைக் காற்றின் மேல்தான்! கிளைக்கால் ஈரத்தை இழுக்கும். நீர் சேர்ந்தால் ரோடமின் ஜோடி கட்டி ஒளிர்வு மங்கும். உலர் நைட்ரஜன் மூடி போதுமா, சாயத் துளியை அடிக்கடி மாற்றுவதா?

இன்னொன்று. 1 மீட்டர் வளைவு ஆரமுள்ள 25 மி.மீ. குழிக் கண்ணாடியின் விளிம்பு, மையத்தைவிட 78 மைக்ரான் உயரம். வேண்டிய இடைவெளியோ 1.5 மைக்ரான், விளிம்பு முட்டிவிடும். 1 மி.மீ. விட்டத்துக்குத் தேய்த்தால் 0.13 மைக்ரான்தான். பூச்சு உதிராமல் தேய்த்துத் தருபவர்கள் அம்பத்தூர், கிண்டி பக்கம் இருக்கிறார்களா?