கண்ணாடிக் கடையில பவர் பார்த்தா போதுமா?

கேள்வி – மேலூர்க்காரன்:
அம்மாவுக்கு 58 வயசு, சுகர் வந்து 9 வருசம். ரெண்டு வருசத்துக்கு ஒருதடவை கடையில பவர் மட்டும் பார்ப்போம். "ஊசியில நூல் கோர்க்கிறேன், எனக்கு எதுக்குடா கண்ணாஸ்பத்திரி"ங்கிறாங்க. கூட்டிட்டுப் போகணுமா?

பதில் – தையல்காரர் மகள்:
இந்த மாசமே கூட்டிட்டுப் போங்க தம்பி. எங்கப்பாவும் பேப்பரைக் கடைசி வரி வரைக்கும் படிப்பார். ஆனா வாசல் நிலையில தோள் இடிக்கும், இடப்பக்கம் வச்ச டம்ளரைத் தட்டிவிடுவார். வயசாச்சுன்னு நினைச்சோம். பார்த்தா கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா. ஓரப் பார்வைதான் முதல்ல போகுமாம், பெரும்பாலும் வலியும் இருக்காது. போன பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொன்னப்போ அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டார். இப்போ மிச்சத்தைக் காப்பாத்த தினமும் ராத்திரி சொட்டு மருந்து. ரத்த உறவுக்கும் வரலாம்கிறதால நானும் வருசாவருசம் பார்த்துடுறேன்.

பதில் – கண் பரிசோதனை உதவியாளர்:
சுகர் இருந்தா வருசம் ஒருதடவை விழித்திரையை, அதான் கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கிற திரையை, பார்த்தே ஆகணும். பவர் டெஸ்ட்ல அது தெரியாது. அதுக்கு சொட்டு மருந்து விட்டு கண் பாப்பா (கண்ணு நடுவுல இருக்கிற கறுப்பு வட்டம்) விரிய அரைமணி ஆகும்; அப்புறம் சில மணி நேரம் எழுத்து மங்கும், வெயில் கூசும். துணைக்கு ஆள் வேணும். கண் அழுத்தம் நார்மல்னு சொல்ற 10லேருந்து 21க்குள்ள இருந்தாலும் கிளாக்கோமாவால கண் நரம்பு கெடலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்க.

மேலூர்க்காரன்:
அக்கா, உங்கப்பா விசயத்தை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. வெள்ளிக்கிழமை போறோம்.