இங்கிலாந்து கிராமத்து சர்ச்: கல்வெட்டே இல்லாம வயசு எப்படி சொல்றாங்க?

குடந்தைவாசி:
எல்லாருக்கும் வணக்கம். அக்கா பொண்ணு இங்கிலாந்துல சஃபோக் பக்கம் வேலைக்குப் போயிருக்கா, அவ இருக்குற ஊர் சர்ச் போட்டோவா அனுப்பி வச்சிருக்கா. எண்ணூறு வருஷத்துக்கு மேல பழசு மாமாங்குறா. நம்ம பக்கம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் அதிட்டானத்துலயே, அதாவது அடித்தளக் கல்லுலயே எழுதியிருக்கும், எந்த ராஜா, எத்தனாவது ஆட்சியாண்டு, அணையாம எரியுற நந்தாவிளக்குக்கு எத்தனை ஆடு விட்டாங்கன்னு எல்லாம். இங்க செவுத்துல ஒரு எழுத்து இல்ல, அப்புறம் எப்படி வயசு சொல்றாங்க? உள்ள ஒரு ஆர்ச் அரைவட்டமா இருக்கு, ஜன்னலெல்லாம் கூரா இருக்கு, ஒரே கட்டடம்தானா இது?

வெண்ணாத்தங்கரை:
ஒரே கட்டடம்தான்ணே, ஆனா ஒரே காலத்துது இல்ல. நான் திருவையாறு, இப்ப நார்விச்ல இருக்கேன், லீவு விட்டா சர்ச் சர்ச்சா சுத்துறதுதான் வேலை. அரைவட்ட ஆர்ச்னா பெரும்பாலும் நார்மன், அதாவது 1066ல வில்லியம் வந்து நாட்டைப் பிடிச்சதுக்கு அப்புறம் நூறு நூத்திஇருபது வருஷத்துக்குள்ள. ஒல்லியா உயரமா கூர் ஜன்னல்னா 13ம் நூற்றாண்டு. ஜன்னல் அகலமா, நடுவுல கல்லு பட்டையெல்லாம் நேரா உச்சி வரைக்கும் ஓடுச்சுன்னா 14ம் நூற்றாண்டு பாதிக்கு மேல. தூண் தலையில இருக்குற போதிகைக் கல்லைப் பாத்து முற்சோழர் பிற்சோழர்னு நம்மாளுங்க சொல்ற அதே வித்தைதான், அங்க 1817ல தாமஸ் ரிக்மன்னு ஒருத்தர் இதுக்கெல்லாம் பேர் வச்சுட்டுப் போயிட்டார்.

இன்னொண்ணு, ஆல்டர், அதாவது பலிபீடம் இருக்குற சான்சல் ரெக்டர்ங்குற சர்ச் பாதிரியார் பொறுப்பு, ஜனங்க கூடுற நேவ் ஊர்க்காரங்க பொறுப்பு. சஃபோக்ல துணி வியாபாரத்துல காசு கொட்டுனப்போ சில ஊர்ல நேவை மட்டும் பெருசா இழுத்துக் கட்டிட்டாங்க, ரெக்டர் கையை விரிச்சுட்டார்னா சான்சல் பழசாவே குட்டியா நிக்கும்.

எழுத்து இல்லாததுக்கு கல்லுதான் முக்கியக் காரணம்னு நான் சொல்லுவேன். டெல்டாவுல கல்லே கிடையாது, ஆனா ராஜா வெளியில இருந்து வரவழைச்சார். சஃபோக்லயும் நல்ல கட்டடக் கல்லு கிடையாது, கிடைக்குறதெல்லாம் சக்கிமுக்கிக் கல்லு, அதை சுண்ணாம்புச் சாந்துல பதிச்சுக் கட்டுனது. அதுல எங்க எழுத்து வெட்டுறது! ஆனாலும் லாங் மெல்ஃபோர்டுன்னு சஃபோக்லயே ஒரு ஊர், 15ம் நூற்றாண்டு கடைசியில கட்டுனது, வெளிச்செவுத்துல யார் காசுல கட்டுனது, யார் ஆத்மாவுக்காக ஜெபம் பண்ணணும்னு பேர் பேரா பதிச்சிருக்காங்க. ஒருநாள் போகச் சொல்லுங்க.

ஆடுதுறை டீக்கடை:
யார்க்‌ஷயர்ல கிர்க்டேல்னு ஒரு சின்ன சர்ச், வாசலுக்கு மேல சூரியக் கடிகாரக் கல்லு, அதுல பழைய இங்கிலீஷ்ல எழுதியிருக்கு: கமல் மகன் ஓர்ம், இடிஞ்சு கிடந்த சர்ச்சை வாங்கி அடியில இருந்து புதுசா கட்ட வச்சான், எட்வர்ட் ராஜா, டாஸ்டி பிரபு நாள்லன்னு. டாஸ்டி பதவியில இருந்தது 1055 டு 1065, அதை வச்சு காலத்தைப் பிடிச்சாங்க. அப்படியே நம்மூர் கல்வெட்டு வாசகம்தான்! எங்க பக்கத்துல திருக்கோடிக்காவல்ல சோழ ராணி செம்பியன் மாதேவி கற்றளி, அதாவது கல்லுக் கோயில் எடுத்தப்போ பழைய கல்வெட்டையெல்லாம் படி எடுத்து புதுச் செவுத்துல திரும்ப வெட்ட வச்சாங்க, ஓர்முக்கு அந்த அளவுக்கு யோசனை வரல போல.

தரங்கைத் தம்பி:
செவுரு வெள்ளையா இருக்குறதை நம்பாதீங்க சார். உள்செவுரு பூரா ஓவியமா இருந்தது, 1547க்கு அப்புறம் ஆறாம் எட்வர்ட் ராஜா காலத்துல, சர்ச்ல படமே கூடாதுன்னு வெள்ளையடிச்சு மூடிட்டாங்க. பெரிய கோயில்ல நாயக்கர் ஓவியத்துக்கு அடியில சோழர் ஓவியம் இருக்குறது 1931ல தெரிய வந்துச்சே, அந்த மாதிரி அங்கயும் பல இடத்துல சுண்ணாம்பு உதிர்ந்தப்போ சாமியும் பேயும் வெளிய வந்துச்சு. விக்டோரியா காலத்துல திருப்பணின்னு சொல்லி பழைய பூச்சையே சுரண்டித் தள்ளுனாங்க, வில்லியம் மாரிஸ்னு ஒரு கவிஞர் கடுப்பாகி 1877ல அதை எதிர்த்து ஒரு சங்கமே ஆரம்பிச்சார். நம்ம கோயில்ல மணலைப் பீச்சி சாண்ட் பிளாஸ்ட் அடிச்சவங்களைத் தடுக்க அப்படி ஒரு ஆள் அப்பவே இல்லாமப் போயிட்டார்.

குடந்தைவாசி:
எல்லாருக்கும் நன்றி. டவர் மட்டும் வட்டமா இருக்கு, அது என்ன கணக்கு?

வெண்ணாத்தங்கரை:
வட்ட டவரா! அதை முதல்லயே சொல்லக்கூடாதாண்ணே. இங்கிலாந்துல இருக்குற வட்ட டவர் சர்ச்ல முக்காவாசிக்கு மேல நார்ஃபோக், சஃபோக்லதான். சதுரமா கட்டுனா மூலைக்கு செதுக்குன கல்லு வேணும், வட்டம்னா சக்கிமுக்கியே போதும்னு ஒரு கட்சி. அதெல்லாம் இல்லைன்னு சண்டை போடுற கட்சியும் இருக்கு. டவர் போட்டோ முதல்ல போடுங்க.