‘பல்காரணி அங்கீகாரம்’ என்பதற்கு மாற்றாக ‘பல்வகைச் சான்றுறுதி’

அன்புடையீர், வணக்கம்.

கடவுச்சொல்லுடன் வேறொரு சான்றையும் கேட்டு இணையக் கணக்கைக் காக்கும் முறைக்குப் ‘பல்காரணி அங்கீகாரம்’ என்ற பெயர் பரவிவருகிறது. அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அங்கீகாரம் என்பது அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு வழங்கும் ஒப்புதல். இங்கு நடப்பதோ, வந்திருப்பவர் கணக்குக்கு உரியவர்தானா என்று உறுதிசெய்வது. ‘காரணி’ என்றதும் நம் மாணவர்கள் 12இன் காரணிகளை எண்ணத் தொடங்குவார்கள்.

இவற்றைவிடப் பெரிய குறை, அச்சொல் எண்ணிக்கையைச் சொல்லி வகையைச் சொல்லாமல் விடுவது. 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த, இலங்கையின் காரைதீவில் அண்மையில் ஒரு வகுப்பெடுத்தேன். “தம்பி, கடவுச்சொல் ஒன்று, பிறந்த ஊர் எது என்ற கேள்விக்கு மறுமொழி ஒன்று, இரண்டு காரணி சரிதானே?” என்று ஓர் அக்கா கேட்டார். சரியன்று. இரண்டும் மனத்தில் அறிந்து சொல்பவை; ஒன்றை ஏமாற்றிப் பறித்தவர் அதே வழியில் மற்றதையும் பறிப்பார். கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு, இரண்டு திறப்பையும் ஒரே ஆணியில் தொங்கவிடுவதற்கு இது ஒப்பாகும். இம்முறைக்கு வழங்கும் ‘இருபடிச் சரிபார்ப்பு’ என்ற மற்றொரு பெயரும் படியை எண்ணுகிறதேயன்றி வகையைக் காட்டவில்லை.

ஆகவே ‘பல்வகைச் சான்றுறுதி’ என்பதை முன்வைக்கிறேன். கடவுச்சொல் அறிவுச்சான்று, கையிலுள்ள கைபேசி உடைமைச்சான்று, விரலடையாளமும் முகமும் உடற்சான்று. எங்கள் பக்கத்தில் ‘உறுதி’ என்றால் காணி உறுதிதான் முதலில் நினைவுக்கு வரும் என்பதை அறிவேன். உரியவர் இவரே என்று காட்டும் ஆவணம் அது என்பதால், அந்த நினைவு இச்சொல்லுக்குத் துணையே.

‘ஒருமுறைக் கடவுச்சொல்’ (OTP) என்ற பெயரையும் மாற்றவேண்டும். அப்பெயரால் அழைக்கப்படும், கைபேசிச் செயலியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்கங்கள், கைபேசியில் பொதிந்த இரகசியத்தையும் அந்த நேரத்தையும் கொண்டு கணிக்கப்படுபவை. அவற்றை எவரும் மனத்தில் வைத்திருப்பதில்லை. கைபேசி தம்மிடம் இருக்கிறது என்பதற்கான சான்றே அவை. கடவுச்சொல் என்று பெயரிட்டதும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவரிடம் வாய்விட்டுச் சொல்லத்தக்க ஒன்றாக அது ஆகிவிடுகிறது. என் பெரியம்மா அப்படித்தான் அதைச் சொல்லிவிட்டார், அன்றே தம் கணக்கை இழந்தார். ‘உடைமை இலக்கம்’ என்றால், கையை விட்டுப் போகக்கூடாதது என்ற பொருளாவது அதில் தங்கும்.

‘சான்றுறுதி’யைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் தாருங்கள், மகிழ்ந்து ஏற்பேன். ‘வகை’யை மட்டும் விட்டுவிட வேண்டாம்.