புதுப்பிப்பு: புரொஜெக்டரில் கறுப்பு ஏன் சாம்பலாகத் தெரிகிறது?

இருட்டுக் காட்சிகளில் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகிறது என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். சிலர் கருவியை மாற்றச் சொன்னீர்கள், சிலர் சுவரைப் பார்க்கச் சொன்னீர்கள். இரு தரப்பும் பேசியது வெவ்வேறு கான்ட்ராஸ்டைப் பற்றி, அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதத்தைப் பற்றி.

கருவியின் பாடு, வேண்டாத ஒளியை லென்ஸுக்குள் விடாமல் தடுப்பது. டிஎல்பி வகைப் புரொஜெக்டரில் நுண்ணாடிகள் சில பாகை சாய்ந்து ஒளியை ஓரத்துக்குத் தள்ளுகின்றன. ஆனாலும் ஆடி விளிம்புகளில் சிதறுவது கசிந்துவிடும். ஜேவிசியின் டி-ஐஎல்ஏ, சோனியின் எஸ்எக்ஸ்ஆர்டி வகைகளில் திரவப் படிகம் ஒளி அதிரும் தளத்தைத் திருப்பாமல் விட்டால், அந்த ஒளி விளக்கின் பக்கமே போய்விடுகிறது. கறுப்பில் அவை முந்துவது இதனால்தான். இருட்டுக் காட்சியில் ஒளி வரும் துளையைச் சுருக்கும் தானியங்கி ஐரிஸ் முழுப் படத்தையும் சேர்த்தே மங்கவைக்கும். பெட்டியில் அச்சிடும் பிரம்மாண்ட கான்ட்ராஸ்ட் எண்கள் பெரும்பாலும் அதன் தயவு.

சுவரின் கதை வேறு. 8 வெள்ளை, 8 கறுப்புக் கட்டங்களை ஒரே சட்டகத்தில் வைத்து அளக்கும் ஆன்சி (அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு) கான்ட்ராஸ்டை, வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் விழுங்கிவிடுகிறது. திரையை ஒட்டிக் கறுப்பு வெல்வெட் கட்டினேன். ஒளியும் நிழலும் கலந்த காட்சிகள் நன்றாகத் தேறின. முழு இருட்டு மட்டும் பழையபடி சாம்பல்தான். அதற்குக் கருவியைத்தான் மாற்ற வேண்டும். விலையை விசாரித்துவிட்டு இப்போதைக்கு ஒத்திப்போட்டிருக்கிறேன்.